கட்டை எடுக்கிறவனின் கணக்கு

"தம்பி, மகன் கட்டார்ல இருந்து காசு அனுப்புறேங்கிறான். அந்தக் கட்டை அரைக்கிற மெசின் ஒன்னை வாங்கிப் போட்டுட்டா நம்ம கட்டையையும் எடுத்துக்கலாம், பொறவு நாலு பேருக்கு வாடகைக்கும் விடலாமாம். வாங்கலாமா?"

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை அது. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் புதிதாக எழும்பிய தனி வீட்டு வரிசையில், கடைசி வீட்டு அக்கா கேட்டார். முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். லயத்துக் காம்பராவிலிருந்து இந்த 7 பேர்ச் காணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 7 பேர்ச் என்றால் 1,900 சதுர அடி சொச்சம். அதில் வீடு போக மிஞ்சிய மண்ணில் இரண்டு அடிக்கட்டைகள் உட்கார்ந்திருந்தன. வீட்டு முன்பக்கம் ஒரு சவுக்கு, அதாவது கிரெவில்லியா. குசினிக்குப் பின்னால், வெட்டிய மண்மேட்டின் விளிம்பில், இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத ஒரு டர்பன்டைன், யூகலிப்டஸுக்கு இங்கே அதுதான் பெயர்.

நான் விலை எதுவும் சொல்லவில்லை. "அக்கா, இந்த இடத்துல என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"முன்னுக்குக் கொஞ்சம் லீக்ஸ், கரட் போடணும். பின்னுக்குக் குசினியை நீட்டணும்."

இந்தப் பதில் கையில் இல்லாமல் இந்த வேலையில் யாருக்கும் நான் தொகை சொல்வதில்லை. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, ஆள் பிடித்துச் செய்விப்பதா என்று மாதத்தில் நாலு பேராவது கேட்கிறார்கள். மூன்றையும் கைக்காசு கட்டிச் செய்து பார்த்தவன் நான். முப்பது வருடமாகக் கட்டை எடுக்கிறேன். எங்கள் அப்பா அதற்கு முன் முப்பது வருடம் எடுத்தார். அந்த அனுபவத்தில் நிச்சயமாக ஒன்று சொல்வேன்: காசுக் கணக்கு கடைசியில்தான் வரும். மண்ணின் கணக்கு முதலில் வரும். அதைப் பார்க்க வேண்டிய நேரம் மரம் நின்றுகொண்டிருக்கும்போதே. செயின்சோக்காரன் மரத்தைச் சாய்த்து முடித்த பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு முடிவில் பாதியை அவன் வாள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். கட்டையைத் தோண்டிப் பிடுங்குவதாக இருந்தால் மரத்தை நெஞ்சு உயரத்தில் அறுக்க வேண்டும். அந்த நாலடித் தண்டுதான் நமக்கு நெம்புகோல். பக்க வேர்களை வெட்டிவிட்டு அந்தத் தலையில் கயிறோ சங்கிலியோ போட்டு இழுத்தால், மரம் தன் பாரத்திலேயே தன் ஆணிவேரை முறிக்கும். மெசினில் அரைப்பதாக இருந்தாலோ மண்ணோடு மண்ணாக அறுக்க வேண்டும். மண்ணுக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு அங்குலமும் பல்லுக்கு வேலை, பெற்றோலுக்குச் செலவு. அந்த இடத்தில் தேயிலை நடப்போகிறீர்கள் என்றால் அறுப்பதற்கே அவசரம் கூடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் நடப்பது என்ன? பலகைக்காரன் வருவான், தனக்கு எத்தனை அடி பலகை தேறும் என்று பார்த்து முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டுப் போவான். முழங்கால் உயரக் கட்டை இழுக்கவும் உதவாது, அரைக்கவும் ஆகாது. எங்கள் தொழிலில் அதைவிட மோசமான உயரம் கிடையாது.

அப்பா கட்டை எடுத்தது கொந்தரப்பில். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நடும் மலைகளில் நிழல் மரக் கட்டைகளை எடுக்கும் வேலையைக் கங்காணி தனியாகப் பிரித்துக் கொடுப்பார். அலவாங்கு, பிக்காசு, மண்வெட்டி, கோடாரி, ஒரு கவ்வாத்துக் கத்தி, அவ்வளவுதான் ஆயுதம். காலையில் போனதும் அப்பா வெட்டத் தொடங்கமாட்டார். கட்டையைச் சுற்றி அலவாங்கால் குத்திக்கொண்டே நடப்பார். வெறும் மண்ணில் 'பொத்' என்று இறங்கும். கல்லில் கை அதிரும். வேரில் அலவாங்கு லேசாக எகிறித் திரும்பும். அந்த மூன்று சத்தத்தை வைத்தே மண்ணுக்குள் வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் மனதில் கோடு போட்டுவிடுவார். பிறகு மலையின் மேற்பக்கத்து வேர்களை முதலில் வெட்டுவார். கீழ்ப்பக்கத்து இரண்டு வேர்களைக் கடைசிவரை விட்டுவைப்பார். அவைதான் கட்டைக்குக் கீல். இழுக்கும்போது கட்டை அந்தக் கீலில் மெதுவாகச் சாய்ந்து படுக்கும், மலையில் உருண்டு ஓடாது. கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள் நிற்பார்கள் என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

இன்றும் மெசின் வைத்திருக்கும் நான் எந்தக் கட்டைக்கும் முதலில் அலவாங்கோடுதான் போகிறேன். அந்த நடைக்குப் பத்து நிமிடம் போதும். அது தராத தகவலை எந்தக் கடைக்காரரும் தரமாட்டார்.

கட்டை அரைக்கும் மெசின் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்கு: ஓர் இரும்புச் சக்கரம், அதன் விளிம்பில் டங்ஸ்டன் காபைட் முனை வைத்த பற்கள். இயந்திரம் அந்தச் சக்கரத்தைச் சுழற்ற, நாம் அதைக் கட்டையின்மேல் இடமும் வலமுமாக வீசி வீசி, ஒவ்வொரு வீச்சிலும் சிறிது ஆழம் இறக்குகிறோம். கட்டை தூளாகி ஒதுங்கும். மண்ணுக்குக் கீழே அரை அடி, பெரிய மெசினென்றால் ஓரடி, அதற்கும் கொஞ்சம் மேல். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து வெர்மீர் கம்பெனி 1950-களில் இதை விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே நகரத்துத் தெருக்களில் எல்ம் மரங்கள் நோயில் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன. தட்டையான தெரு, தட்டையான புல்தரை, பக்கத்தில் நடைபாதை, தோண்ட முடியாத இடம், அரைத்து மூடி மேலே புல் போட்டால் போதும். அந்தத் தேவைக்குப் பிறந்த கருவி அது. கொட்டகலை மலைக்கு அதைக் கொண்டுவரும்போது இந்தப் பிறப்பை மறக்கக்கூடாது. நான் ஒரு தடவை மறந்தேன்.

முதன்முதலில் வாடகைக்கு எடுத்தது கொழும்புப் பக்கத்துக் கடை ஒன்றில். ஒரு பாடசாலை வளவில் ஐந்து கட்டைகள். இரண்டு நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். வாடகைக்காரரின் கடிகாரம் மெசின் அவர் வாசலைத் தாண்டியதுமே ஓடத் தொடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவிசாவளை, கினிகத்தேனை ஏற்றம், அட்டன் என்று லொறி மேலேறி வருவதற்குள் அரை நாள். திரும்ப இறக்க அரை நாள். மீதி ஒரு நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நமது மண் மழையில் சவர்க்காரம் மாதிரி. சில்லுகள் வழுக்கி, மெசின் சக்கரத்தோடு பக்கவாட்டில் நகர்ந்தது. அன்று அதை நிறுத்தத் தாமதித்திருந்தால் என் கால் போயிருக்கும்.

மறுநாள் காலையில் கட்டணத்தை நினைத்து அவசரப்பட்டேன். மரத்துக்குள் சக்கரம் நன்றாக ஓடும்போது அடிவயிற்றில் ஓர் உறுமல் கேட்கும். தூள் ஈரமாக, சம அளவில் வரும். அந்த உறுமல் திடீரென்று மெலிந்தால் பல் மண்ணுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மெலிந்த அடுத்த நொடி நிறுத்த வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் மண் என்றால் அதற்குள் கல். நான் நிறுத்தவில்லை. 'டங்' என்று ஒரே சத்தம். மூன்று பற்களின் முனை பறந்தது. அதில் ஒன்று பக்கத்து வகுப்பறைத் தகரத்தில் பட்டு விழுந்தது. நல்லவேளை, விடுமுறை நாள். அப்பா அலவாங்கோடு சுற்றி நடந்த அந்தப் பத்து நிமிடத்தை நான் செய்யாமல் விட்ட நாள் அது. அந்தப் பற்களுக்கும் கூடுதல் நாளுக்கும் சேர்த்துக் கட்டியபின் அந்தக் கொந்தரப்பில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகையால் வாடகைக்கு எடுக்கப்போகிறவர்களுக்கு என் வார்த்தை இதுதான். மெசின் எத்தனை மணித்தியாலத்தில் அரைக்கும் என்று கேட்காதீர்கள். வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். பல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். எடுத்துவரும்போதே பற்களை எண்ணி, மொட்டையானவற்றைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த மாதங்களில் ஒரு நாளைப் பிடித்து, அயலில் யாருக்கெல்லாம் கட்டை இருக்கிறதோ அவர்களைச் சேர்த்து, ஒரே வரவில் பத்துப் பன்னிரண்டு கட்டைகளை முடிக்க முடிந்தால் வாடகை நல்ல வழி. ஒரு கட்டைக்காக வாடகை மெசின் மலை ஏறக்கூடாது.

பிறகு வாங்கினேன். 2021 கடைசியில், ஓடிய மெசின் ஒன்று, மனைவியின் நகையை அடகு வைத்து. வாங்கும் முன் போட்ட கணக்கில் பிழை இருக்கவில்லை. விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்தேன். எழுபது சொச்சம் நாள் வேலை இருந்தால் போட்ட காசு திரும்பும் என்று வந்தது. எழுபது நாள் இரண்டு வருடத்தில் கிடைக்கும் என்று நம்பினேன். என் கணக்கில் வராதது நாடு. அந்த டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாய். 2022 ஜூனில் 470 ரூபாய். அதுவும் கையில் காசு இருந்தாலும் கிடைக்காது. வரிசை, அதன் பிறகு வாகனங்களுக்குக் கியூஆர் முறை. கட்டை அரைக்கும் மெசினுக்கு வாகன இலக்கம் கிடையாது, அது தள்ளிக்கொண்டு போகும் யந்திரம். ரூபாய் விழுந்ததால் வெளிநாட்டுப் பற்களின் விலையும் ஏறியது. ஏழு மாதம் அது தகரக் கொட்டகைக்குள் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. நகை பற்றி மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் இயந்திரத்தை இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பெயாரிங்குக்குக் கிறீஸ் வைத்துவிட்டு வருவேன். அந்தக் காலத்தில் எங்கள் அடுப்பில் உலை வைத்தது அப்பாவின் அலவாங்குதான்.

மெசின் இன்று தன் விலையைத் தந்துவிட்டது. அதனால் வாங்கியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் கொப்பியைப் புரட்டினால் ஒன்று தெரியும். எடுத்த ஒவ்வொரு கட்டையையும் மரம், சுற்றளவு, சரிவு, எப்படி எடுத்தேன் என்று எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மெசின் வாங்கிய பிறகும் அதில் பாதிக்கு மேல் கையாலும் சங்கிலியாலும் எடுத்தவைதான். இதையே தொழிலாகச் செய்யும் எனக்கே அப்படியென்றால், வீட்டில் இரண்டு கட்டை உள்ளவர் மெசின் வாங்குவதில் நியாயம் எங்கே இருக்கிறது? வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். பல் தீட்டவும் பெல்ட் மாற்றவும் தெரியாதவர் வாடகைக்கு விடும் மெசின் ஒரு பருவத்தில் இரும்புக் கடைக்குப் போகும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு: காபைட் முனை பறக்கும் தூரம் தெரியாத ஒரு பையன் கையில் அது போய்ச் சேரும்.

மண் தோண்டும் பெக்கோ மெசினைப் பற்றியும் சொல்லவேண்டும். கொட்டகலையில் கட்டை என்றதும் பலருக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பாதையோரம், தட்டையான இடம், நாலைந்து பெரிய கட்டை என்றால் பெக்கோவை மணித்தியாலக் கூலிக்குப் பிடிப்பதைவிட மலிவு எதுவும் இல்லை. வந்து போகும் கூலிக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது கட்டையை மட்டும் எடுக்காது. பக்கத்தில் இருக்கும் மேல்மண்ணையும், கல்லுக்கட்டின் அத்திவாரத்தையும், தண்ணீர்க் குழாயையும் சேர்த்து வாரும். ஒரு பெரிய டர்பன்டைன் கட்டை போன குழியை மூட ஒரு கியூப் மண்ணுக்கு மேல் தேவைப்படும். அப்படி மூடிய குழியின்மேல் சுவர் எழுப்பி, அடுத்த மழைக் காலத்தில் சுவரில் கோடு விழுந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அரைத்த குழியும் அப்படியே. தூளை அங்கேயே விட்டு மண் போட்டு மூடினால், தூள் உக்க உக்க நிலம் இறங்கும். கட்டடம் வரும் இடமென்றால் தூள் முழுவதையும் வாரி வெளியே எடுத்து, நல்ல மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடிக்க வேண்டும். மரக்கறிப் பாத்தி வரும் இடத்திலும் பச்சைத் தூளைக் கலக்கக்கூடாது. அது உக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், லீக்ஸ் மஞ்சளாக நிற்கும். ஒரு வருடம் குவித்து மக்கவிட்டால் அருமையான பசளை.

இப்போது தேயிலை. நான் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

சொந்தத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் கூப்பிட்டார். நடுவே இருந்த சவுக்கு மரங்களை விற்றுவிட்டார். ஆறு கட்டைகள். "அரைச்சு மூடிருங்கண்ணே, மேல கன்னு வச்சுக்கிறேன்" என்றார். நான் மெசினை லொறியிலிருந்து இறக்கவில்லை. ஒரு கட்டையின் அடிப்பட்டையைக் கவ்வாத்துக் கத்தியால் நெம்பி உரித்தேன். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் விசிறி விரித்த மாதிரி வெள்ளைப் படலம். வேரைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். மரத்துக்குள் பேனாவால் இழுத்தது போல் கறுப்புக் கோடுகள். வெளியே வேர்க் கழுத்தில் கரி பூசியது போன்ற பொருக்கு. அவருக்கு முகம் மாறிவிட்டது. ஆறடி தள்ளி நின்ற இரண்டு தேயிலைச் செடியில் இலை வாடி அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததை அவர் வெயிலின் குற்றம் என்று நினைத்திருந்தார்.

அது புது நோய் அல்ல. பேராதனையில் பங்கசு ஆய்வாளராக இருந்து, பின்னர் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரான தாமஸ் பெட்ச், தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923-இல் போட்ட புத்தகத்திலேயே இந்த உஸ்டுலினா பங்கசை விவரித்திருக்கிறார். வெட்டி விட்ட சவுக்குக் கட்டையில் அது குடியேறும். கட்டையின் வேர் வழியே நடந்து, அந்த வேர் தொடும் தேயிலையின் வேருக்குப் போகும். சிவப்பு வேர் நோய் என்று இங்கே சொல்லும் போரியாவும் வேரோடு வேர் தொட்டே பரவுகிறது. ஆகவே தேயிலை மண்ணில் எதிரி கட்டை அல்ல, வேர். மெசின் எடுப்பது கட்டையை. மண்ணுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டடி பரவியிருக்கும் வேர்கள் அப்படியே இருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். மேலே சுத்தமாக இருப்பதால் அங்கே கன்று நடுவோம், மூன்றாம் வருடம் கன்று சாகும், ஏன் என்று தெரியாது. அடுத்த பட்டணமான தலவாக்கலையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் சொல்வது ஒரு பென்சில் பருமனுக்கு மேற்பட்ட வேர் எதுவும் மண்ணில் இருக்கக்கூடாது என்று. பென்சில் பருமன் வேரைத் தேடி எடுக்க முள்ளும் கையும்தான் வேண்டும். எடுத்த வேரை அங்கேயே எரிக்க வேண்டும். பிறகு கோதமாலைப் புல்லோ மானாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேறவிட்டு, அப்புறம் கன்று.

மரம் நிற்கும்போதே முடிவெடுக்கச் சொன்னேனே, அதன் காரணத்தில் பாதி இங்கே இருக்கிறது. 1930-களில் நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், லீச் என்ற ஆய்வாளர் தேயிலை போடக் காடு வெட்டும் இடங்களில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மரத்தை உடனே வெட்டாமல் அடியில் வளையமாகப் பட்டையை உரித்து விட்டால், மேலே இலைகள் செய்யும் உணவு கீழே வேருக்கு இறங்காது. வேர் தன் கையிருப்பு மாச்சத்தைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகும். பங்கசு வந்து பார்க்கும்போது வீட்டில் அரிசி இல்லை. மரத்தை நிறுத்திவைத்து வேரைப் பட்டினி போடும் இந்த வேலைக்குக் கத்தி ஒன்றும் அரை மணித்தியாலமும் போதும். அதன் பிறகு மரம் தானாகச் சாகும்வரை பொறுமை. எத்தனை தோட்டத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! பலகைக்காரன் முன்பணம் கொடுத்துவிட்டான், காத்திருக்க முடியாது என்கிறார்கள். அந்த முன்பணம் கன்றுகளின் விலையில் போய்விடுகிறது.

அந்த அரை ஏக்கர்க்காரருக்கு நாலு ஆளைப் பிடித்துக் கொடுத்தேன். ஆறு கட்டைக்கும் ஒன்பது நாள். அது பெரிய காசு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோதும், வெளியே கட்டை தோண்டும் ஆளை அந்தச் சம்பளத்துக்குப் பிடிக்க முடியவில்லை, பிடிக்கவும் கூடாது. கட்டை தோண்டுவது முதுகையும் தோளையும் தின்னும் வேலை. ஆனாலும் அந்த மண்ணுக்கு அதுதான் மலிவான வழி. மெசின் போட்டிருந்தால் நான் ஒரே நாளில் முடித்து, குறைவாக வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் மலை போயிருக்கும்.

இந்த மலைகள் எல்லாமே கட்டைகளின் மேல் நிற்பவை. காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து காப்பி செத்தபின், காப்பிக் கட்டைகளை உரித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி, தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று சொல்வார்கள். பிடுங்கி எடுத்துக் காய்ந்த பழைய தேயிலைத் தூரைக் கையில் பிடித்தால் அதை நம்ப முடிகிறது. இரும்பு மாதிரி இருக்கும். அந்தக் கட்டைகளை எடுத்த கைகள் எங்கள் முன்னோருடையவை. எங்கள் தாத்தாவின் உள்ளங்கையில் அலவாங்குத் தழும்பு பொத்தான் அளவுக்கு இருந்தது என்று அப்பா சொல்வார். அப்பாவின் கையில் இருந்ததை நானே தொட்டிருக்கிறேன்.

நாலாவது வழி ஒன்று உண்டு. வாங்குவது, வாடகை, ஆள் மூன்றையும் கேட்கிறவர்கள் அதைக் கேட்பதில்லை: விட்டுவிடுவது. வீட்டுக்கு மேலே செங்குத்துச் சரிவில் நிற்கும் கட்டையை எடுக்க என்னை யார் கூப்பிட்டாலும், எவ்வளவு தந்தாலும், மாட்டேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைக் கேட்ட நாள் முதல் இது எனக்கு விரதம் மாதிரி. அங்கே கட்டை எடுத்ததால் மலை சரிந்தது என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவுக்குப் பல காரணம் கூடிவர வேண்டும். ஆனால் சரிவு மண்ணைக் கட்டிப்பிடித்திருக்கும் வேரைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு குழியை வைத்து, குழிக்குள் மழைத்தண்ணீரை நிறுத்துவதைப் போன்ற தீமை வேறில்லை. இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. செத்த கட்டையை விட்டாலும் அதன் வேர் சில வருடத்தில் உக்கிப் பிடி விட்டுவிடும். டர்பன்டைன் அப்படியல்ல. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அந்தத் துளிரை எரிச்சலோடு ஒவ்வொரு மாதமும் வெட்டி எறிகிறவர்கள் தங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் கயிற்றைத் தாங்களே அறுக்கிறார்கள். துளிர் உயிரோடு இருக்கும்வரை வேர் உயிரோடு இருக்கும்.

அக்காவின் வீட்டுக்குத் திரும்புகிறேன். முன்பக்கத்துச் சவுக்குக் கட்டை நல்ல தட்டையில், நல்லவேளையாக இடுப்பு உயரத்தில் அறுத்திருந்தது. அலவாங்கோடு சுற்றி நடந்தேன். மேற்கே மூன்று பெரிய வேர், கிழக்கே ஒரு கல். பட்டையை உரித்துப் பார்த்தேன், உள்ளே சுத்தம். மெசின் தேவையில்லை. இரண்டு ஆள், ஒன்றரை நாள், என் செயின் புளொக். பின்பக்கம் போய் மண்மேட்டில் ஏறினேன். வெட்டிய மண்சுவர் என் தலைக்கு மேலே நாலடி. டர்பன்டைன் வேர்கள் அந்தச் சுவரில் விரல்கள் மாதிரி வெளியே தெரிந்தன. குசினிச் சுவருக்கும் அதற்கும் ஏழெட்டு அடி.

"அக்கா, இதைத் தொடக்கூடாது. குசினியை இந்தப் பக்கம் நீட்டாதீங்க. வேணும்னா பக்கவாட்டுல நீட்டலாம்."

"அப்ப மெசினு?"

"வேணாம். மகன்கிட்டச் சொல்லுங்க, அந்தக் காசுல இந்த மண்சுவருக்குக் கீழ கான் வெட்டிக் கல்லு கட்டட்டும். மழைத்தண்ணி வீட்டுப் பக்கம் வராம ஓடிறணும். அதுக்கு முன்னுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அவங்க வந்து பார்ப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகன் வாங்கப்போகும் மெசினை வைத்து ஒரு வருமானம் அவர் மனதில் ஏற்கெனவே ஓடியிருக்கவேண்டும். பிறகு, "அப்ப இந்தத் துளுரு? இதையும் வெட்ட வேணாமா? பூச்சி பொட்டு வந்து உக்காருதே" என்றார்.

பொங்கல் முடிந்த மறுநாள் இரண்டு பையன்களோடு போய்ச் சவுக்குக் கட்டையை எடுத்தோம். மேற்கு வேர் மூன்றையும் வெட்டி, கிழக்கே கல்லை உருட்டி விலக்கி, செயின் புளொக்கைப் போட்டு இறுக்கியதும் ஆணிவேர் முறிந்த சத்தம் அடுப்படியில் நின்ற அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. மாவுக் கையோடு ஓடி வந்தார். குழியில் இறங்கி விரல் பருமன் வேர்களையும் பொறுக்கி எடுத்தோம், அங்கே மரக்கறிதானே என்று விடவில்லை. பிறகு நான் மட்டும் ஒரு கைவாளோடு மண்மேட்டில் ஏறினேன். டர்பன்டைனில் ஒன்பது துளிர்கள். மேற்பக்கம் கட்டையோடு ஒட்டி உறுதியாகப் பிடித்திருந்த இரண்டை விட்டு, மற்ற ஏழையும் அடியோடு அறுத்தேன். விட்ட இரண்டும் கட்டைவிரல் பருமன் ஆகும்போது சொல்லி அனுப்புங்கள், வந்து நுனியைக் கிள்ளிவிடுகிறேன் என்றேன். அக்கா அறுத்த ஏழையும் பொறுக்கிக் கட்டினார், தடிமனுக்கு ஆவி பிடிக்க இலை ஆகும் என்று.